தர்மபுத்திரரும் லயத்து நாயும்

நாயை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு நெடுந்தூரம் பிரயாணம் செய்வதும், அந்தப் பிரயாணத்தைக் காட்டி நாய்களுக்காகத் தர்மப் பணம் திரட்டுவதும் இப்போது உலகத்தில் ஒரு வழக்கமாகி வருகின்றன. வண்டியின் பக்கத்தில் பூட்டிய சைட்காரில் நாய் அமர்ந்திருக்கும். காற்றும் தூசியும் படாதிருக்க அதற்கும் ஒரு கண்ணாடி மாட்டியிருப்பார்கள். வண்டி நின்ற இடமெல்லாம் ஜனங்கள் கூடுவார்கள். குழந்தைகள் தொட்டுப் பார்ப்பார்கள். பெரியவர்கள் சட்டைப் பையைத் தடவுவார்கள். மைல் ஒன்றுக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு நன்கொடை கொடுப்பவர்களும் உண்டு. அமெரிக்காவில் இவ்வாறு சைட்காரில் திரியும் நாய்களைப் பற்றி 2016-ஆம் ஆண்டில் ஓர் ஆவணப்படமே எடுத்துவிட்டார்கள். அதற்கு வெகுகாலம் முன்னரே, 1960-இல், ஜோன் ஸ்டைன்பெக் என்ற ஆசிரியர் சார்லி என்னும் தம் கிழநாயைத் துணையாகக் கொண்டு அமெரிக்காவைச் சுற்றி வந்தார். அவர் போனது சிறு லொறியில். திரட்டியது தர்மமன்று, ஒரு புத்தகத்துக்கு வேண்டிய விஷயம்.

நம் பக்கத்திலும் இந்தக் கதை வந்து சேர்ந்தது. 2022-இல் வெளியான ‘777 சார்லி’ என்ற கன்னடப் படத்தில், தர்மா என்பவன் நோயுற்ற தன் நாய்க்குப் பனிமலையைக் காட்ட வேண்டுமென்று சைட்கார் பூட்டிய மோட்டார் சைக்கிளில் அதை ஏற்றிக்கொண்டு மைசூரிலிருந்து வடக்கே இமயமலை வரையில் போகிறான். படம் தமிழிலும் பேசிற்று. இலாபத்தில் ஒரு பங்கை நாய்களைப் பேணும் அமைப்புகளுக்குக் கொடுப்பதாகப் படத்தை எடுத்தவர்கள் அறிவித்தார்கள்.

இவற்றைக் கேலி செய்பவர்கள் உண்டு. நான் அவர்களைச் சேர்ந்தவனல்லன். ஆனால் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் அந்தப் படத்தைப் பார்த்த இரவு முதல் ஒரு கேள்வி என்னை விடாமல் தொடர்ந்து வருகிறது.

பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்குப் போயிருந்தேன். லயத்துக் காம்பராவில் தொலைக்காட்சிப் பெட்டி. முன்னால் ஏழெட்டுப் பிள்ளைகள். இஸ்தோப்பில் அவனுடைய தகப்பனார். முப்பத்தைந்து வருஷம் கவ்வாத்து வெட்டிக் கை காய்த்தவர். அவர் காலடியில் டைகர் என்ற செந்நிற நாய் சுருண்டு கிடந்தது. படம் முடிந்தது. பிள்ளைகள் கண்ணைத் துடைத்துக்கொண்டன. பெரியவர் மட்டும் அசையாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: “அந்த நாய்க்கு வண்டியெல்லாம் இருக்குங்க மாஸ்டர். நம்ம நாய்க்கு ஒரு ஊசி போடத்தான் ஆளு வரமாட்டேங்குது.”

அவர் குறை சொல்லவில்லை; மழை பெய்யவில்லை என்பதுபோலச் சொன்னார். அதனால்தான் அந்தச் சொல் தைத்தது.

நாயோடு நெடும்பயணம் போன முதல் மனிதர் யார் என்று கேட்டால் நம் வீட்டுப் பாட்டிமார் தர்மபுத்திரரின் பெயரைச் சொல்லுவார்கள். மனைவியும் தம்பிமாரும் வழியிலே ஒருவர்பின் ஒருவராக விழுந்துபோக, கடைசிவரை கூட வந்தது ஒரு நாய். இந்திரன் தேரைக் கொண்டுவந்து நிறுத்தி, ‘நீ ஏறலாம், நாய் ஏறலாகாது’ என்றான். ‘அப்படியானால் தேர் வேண்டாம்’ என்றார் தர்மபுத்திரர். படத்துக் கதாநாயகனுக்குத் தர்மா என்று பெயர் வைத்ததும், அவனை இமயமலைக்கே அனுப்பியதும் தற்செயலாக இரா. நாலடியார் பாடிய சமண முனிவரும் நல்ல நட்புக்கு யானையைத் தள்ளி நாயையே உவமை கொண்டார். வைரவருக்கு வாகனமும் நாய்தான். இத்தனையும் இருந்து, ஒருவனை இழித்துப் பேச வேண்டுமானால் முதலில் நம் வாயில் வருவதும் அதன் பெயரே. இந்த முரண்பாட்டை ஆராய இது இடமன்று.

எங்கள் மலைநாட்டுக்கு இன்னும் நெருங்கிய கதை ஒன்று உண்டு. தோட்டங்களில் விடிய விடிய ஆடப்படும் பொன்னர் சங்கர் கூத்தை அறிந்தவர்களுக்குப் பொன்னாச்சியைத் தெரியும். கொம்பன் என்ற பெரும்பன்றியை வேட்டையாடப் புறப்பட்ட அண்ணன்மார், பெரிய நாய்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போனார்கள். பொன்னாச்சி சிறிய நாய் என்று விட்டுவிட்டார்கள். பெரிய நாய்களால் ஆகவில்லை. பின்னர் ஆள் அனுப்பி, மன்னிப்புக் கேட்டு, அந்தச் சிறிய நாயை அழைத்துப் போன பிறகே பன்றி விழுந்தது. எனக்குத் தெரிந்த வரையில், மறந்து விட்டுவிட்ட நாயிடம் மனிதன் மன்னிப்புக் கேட்கும் கதை இது ஒன்றுதான்.

மோட்டார் சைக்கிளுக்கும் தோட்டத்தில் ஒரு பூர்வ கதை இருக்கிறது. ஒரு காலத்தில் அந்தச் சத்தம் என்றால் சின்னத்துரை. வளைவுக்கு வளைவு எதிரொலித்துக்கொண்டு அது மலைக்கு ஏறும்போதே, கங்காணி குரலை உயர்த்துவார். கொழுந்தெடுக்கும் பெண்கள் பேச்சை நிறுத்துவார்கள். பங்களாவில் அல்சேஷன் இருந்தது. அதைக் குளிப்பாட்டவும் உலாவக் கொண்டுபோகவும் தனி ஆள் இருந்தான். அதற்கு இறைச்சியும் மிருக வைத்தியரும் காலந்தவறாமல் வந்தன. இந்த மலைகளில் வெள்ளைக்காரனுடைய நாயின் பெருமை தேயிலையைவிடப் பழையது. சாமுவேல் பேக்கர் 1848 முதல் சில ஆண்டுகள் நுவரெலியாவில் குடியிருந்தபோது, கப்பலில் கொண்டுவந்த வேட்டைநாய்களோடு மரை வேட்டையாடி, அவற்றைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். அந்த நாய்கள் சிலவற்றின் பெயர்கள்கூட இன்றுவரை அச்சில் நிற்கின்றன. லயத்து நாய்களின் பெயரை எந்தப் புத்தகமும் எழுதவில்லை.

ஆயினும் லயத்து நாய் வீணாகத் தின்று திரிந்த பிராணியல்ல. இரவில் காட்டுப் பன்றி மரக்கறித் தோட்டத்துக்குள் இறங்கினால் முதலில் குரைப்பது அது. சிறுத்தை வந்தால் முதலில் போவதும் அதுவே. விடியற்காலையில் பெரட்டுக்குப் போகும் பெண்ணுக்கு இருட்டில் முன்னால் நடப்பது அது. இத்தனைக்கும் அதன் சம்பளம் மிஞ்சிய ரொட்டித் துண்டு.

‘கட்டாக்காலி நாய்’ என்று இலேசாகச் சொல்லிவிடுகிறோம். அது எப்படிக் கட்டாக்காலி ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை. நான் ஒன்றைக் கண்ணால் கண்டிருக்கிறேன்.

1964 ஒக்டோபரில் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குப் போகவென்று எழுதப்பட்டவர்களில் என் அத்தை குடும்பமும் இருந்தது. அவர்கள் புறப்பட்டது 1973-இல். எனக்கு ஒன்பது வயது. பெட்டி படுக்கையெல்லாம் லொறியில் ஏறின. அம்மி ஏறிற்று, குலதெய்வத்தின் படம் ஏறிற்று, மணி என்ற நாய் மட்டும் ஏறவில்லை. ரயிலுக்கும், தலைமன்னாரில் கப்பலுக்கும், மண்டபம் முகாமுக்கும் எழுதிய பாரங்களில் அதற்கு இடம் இல்லை. தார் ரோடு வரையில் அது லொறிக்குப் பின்னால் ஓடிற்று. பிறகு திரும்பி வந்து, பூட்டிய காம்பராவின் முன்னால் படுத்துக்கொண்டது. எங்கள் வீட்டில் சோறு வைத்தார்கள். தின்றுவிட்டு மறுபடியும் அங்கேயே போய்ப் படுத்தது. சில மாதங்களில் அந்தக் காம்பராவுக்கு வேறு குடும்பம் வந்தது. மணி அன்று கட்டாக்காலி ஆயிற்று. அடுத்த வருஷம் தோட்டத்தில் நாய் தொல்லை என்று சொல்லித் துப்பாக்கிக்காரனை வரவழைத்தார்கள். எந்தத் தோட்டம், எந்தத் துரை என்பது இங்கே வேண்டாம்.

அத்தை வீட்டார் நீலகிரியில் குன்னூருக்குப் பக்கத்தில் குடியேறினார்கள். அந்த ஊரில் 1907 முதல் நாய்க்கடிக்கு மருந்து செய்யும் பாஸ்டர் நிறுவனம் இருக்கிறது என்பதை நான் அறிந்தது பிற்பாடு. நாயை விட்டுவிட்டுப் போனவர்கள் நாய்க்கடி மருந்தின் வாசலில் போய்க் குடியிருந்தார்கள்!

தர்மபுத்திரரைப் போல என் அத்தையும் ‘நாய் ஏறாவிட்டால் நானும் ஏறேன்’ என்று சொல்லியிருக்கலாமே என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவருக்கு வந்தது சுவர்க்கத்துத் தேரல்ல. மறுக்கும் உரிமையும் அவருக்கு இல்லை. 2014 ஒக்டோபர் 29-இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது, உயிர் தப்பிய குடும்பங்கள் முதலில் பாடசாலைகளிலும் பின்னர் கைவிடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை ஒன்றிலும் தங்க நேர்ந்தது. முகாம் இடாப்புகளில் தலைக்கட்டு, வயது, பால் எல்லாவற்றுக்கும் பத்தி உண்டு. நாய்க்குப் பத்தி கிடையாது. ஜனங்களை இடம்பெயர்க்கும் ஒவ்வொரு முறையும் நாம் கட்டாக்காலிகளை உண்டாக்குகிறோம். பிறகு அவை பெருகிவிட்டன என்று அலுத்துக்கொள்கிறோம்.

இனி ஊசியின் விஷயத்துக்கு வருவோம். விசர்நாய்க்கடி நோயின் குணங்குறிகள் தோன்றிவிட்டால் அநேகமாக வைத்தியமே இல்லை. ஆனால் தோன்றாமல் தடுப்பது மிக எளிது. 1885 ஜூலையில் லூயி பாஸ்டர், ஜோசப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனுக்கு ஊசி போட்டுக் காப்பாற்றியது முதல் அந்த வழி திறந்திருக்கிறது. கடித்த இடத்தை உடனே சவர்க்காரமும் ஓடும் நீருமாகப் பதினைந்து நிமிஷம் கழுவுவதும், தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குப் போவதும் பாதி உயிரைக் காக்கும். மிளகாயை வைத்துக் கட்டுவதும் மந்திரிப்பதும் காக்கமாட்டா. நாய்க்கே முன்கூட்டி ஊசி போட்டுவிட்டால் இத்தனைக்கும் தேவையில்லை. ஓரிடத்து நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கு ஊசி போட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

இலங்கை இதில் வெட்கப்பட வேண்டிய தேசமல்ல. 1973-இல் இந்த நோயால் 377 பேர் இறந்தார்கள்; அண்மை ஆண்டுகளில் அந்தத் தொகை முப்பதை ஒட்டி நிற்கிறது. சுருக்குக் கயிறும் விஷமும் செய்யாததை ஊசி செய்தது. 2006-இல் அரசாங்கம் நாய்களைக் கொல்லுவதை நிறுத்தி, ஊசியையும் கருத்தடையையும் வழியாகக் கொண்டது. 1964-இலேயே சென்னையின் புளூ குரொஸ் சங்கம் கொல்லாத வழியைச் சொல்லிச் செய்தும் காட்டியது. கொழும்பில் 2007-இல் ஒடாரா குணவர்தன தொடங்கிய எம்பார்க் போன்ற இயக்கங்களும் இந்தப் பணியில் இறங்கின.

இவ்வளவு நடந்தும் பெரியவர் ஏன் அவ்விதம் சொன்னார்? ஆராய்ந்து பார்த்தால் காரணங்கள் அற்பமானவை. ஆகவே தீர்க்கக் கூடியவை. நாயைப் பதிவு செய்வது 1901-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உள்ளூராட்சிச் சபையின் வேலை. ஊசி சுகாதாரப் பகுதியின் வேலை. லயம் நிற்கும் நிலமோ கம்பனியின் கையில். 1987-ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் இருந்த விதத்தில், சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்க வழியில்லை என்று சொல்லிக் கைவிரிப்பது வழக்கமாக இருந்தது. 2018-இல்தான் அதைத் திருத்தினார்கள். மனிதருக்கே மூன்று வாசலிலும் அலைய வேண்டியிருந்த இடத்தில் நாய்க்கு யார் கதவைத் திறப்பார்?

இன்னொன்று நேரம். ஊசி போடுகிறவர் பிரதான வீதியை விட்டு, கற்கள் பெயர்ந்த ரோட்டில் ஏறி, டிவிசனுக்கு வந்து சேரும்போது காலை பத்து மணி. லயத்தில் அப்போது யார் இருப்பார்? மலையில் கொழுந்து, பாடசாலையில் பிள்ளைகள், பிள்ளைக் காம்பராவில் குழந்தைகள். நாய் மட்டும் இருக்கும். கயிறே அறியாத அந்த நாயைச் சொந்தக்காரரைத் தவிர வேறு யாரும் பிடிக்க முடியாது. வந்தவர் நாலு நாய்க்குப் போட்டுவிட்டு, நாற்பது நாய் ஓடிவிட்டதாக எழுதிக்கொண்டு இறங்கிவிடுகிறார். அவர் மேல் குற்றமில்லை. மாலையில் கொழுந்து நிறுத்த பிறகோ ஞாயிற்றுக்கிழமையோ வந்தால் கதை வேறாக இருக்கும். அந்த நேரத்துக்குச் சம்பளம் கொடுக்க ஒருவர் வேண்டும். மருந்து சூடாகிக் கெடாமல் இரண்டு முதல் எட்டுப் பாகைக்குள் வைத்திருக்கக் குளிர்ப்பெட்டி வேண்டும். வான் ஏறாத ரோட்டில் ஏற ஒரு மோட்டார் சைக்கிள் வேண்டும்.

இங்கேதான் நெடுந்தூரப் பிரயாணிகளை நினைத்துக்கொண்டேன். அவர்களுக்குக் குறைவில்லாமல் இருப்பவை இந்த மூன்றும்தாமே!

அவர்கள் எப்படியும் ஊவாவுக்கு வருகிறார்கள். எல்லயில் ஒன்பது வளைவுப் பாலத்தின்மேல் நின்று படம் எடுக்கிறார்கள். அப்புத்தளையில் தம்பேதன்னைக்கு மேலே, லிப்டன் அமர்ந்து தன் தேயிலையைப் பார்த்தான் என்று சொல்லும் முனைக்குப் போகிறார்கள். அந்த ரோட்டின் இரண்டு பக்கமும் லயங்கள். வண்டியின் சத்தம் கேட்டதும் ஓடி வருபவை அந்த லயத்து நாய்கள். அங்கே வண்டியை நிறுத்தினால் போதும். பதுளையிலிருந்து பசறை, லுணுகலை. பசறையிலிருந்து பிரிந்து மடுல்சீமை. பண்டாரவளையிலிருந்து பூனாகலை, கொஸ்லந்தை. மைல் கணக்கில் இந்த வழி சிறியது. ஒவ்வொரு டிவிசனுக்கும் ஏறி இறங்கினால் வாரக்கணக்கில் நீளும். மைலுக்கு இவ்வளவு என்று எண்ணும் நன்கொடையை ஊசிக்கு இவ்வளவு என்று எண்ணினால் என்ன?

மருந்தோடு விரையும் பிரயாணம் உலகத்துக்குப் புதிதன்று. 1925 ஜனவரி இறுதியில் அலாஸ்காவின் நோம் என்ற ஊரில் குழந்தைகள் தொண்டையடைப்பான் நோயால் மடியத் தொடங்கியபோது, இருபது வண்டிக்காரரும் ஏறத்தாழ நூற்றைம்பது நாய்களும் முறை மாற்றி முறை மாற்றி, 674 மைல் உறைபனியைக் கடந்து ஐந்தரை நாளில் மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அந்த நாய்களில் ஒன்றுக்கு நியூயோர்க் நகரத்துப் பூங்காவில் சிலை இருக்கிறது. நாய் மனிதனுக்கு மருந்து சுமந்த கதை அது. மறுதலையாக ஒருமுறை நாம் சுமப்பதற்குப் பதினெட்டு வளைவுள்ள ஒரு தோட்டத்து ரோடு அதிக தூரமா?

‘மனிதனுக்கே சொந்தக் காணியில்லை, நியாயமான சம்பளம் இல்லை, நாய்க்கு ஊசியா?’ என்று கேட்கும் நண்பர்களை எனக்குத் தெரியும். நல்ல நண்பர்கள், சங்கக் கூட்டங்களில் என் பக்கத்தில் அமர்பவர்கள். அவர்களுக்கு என் பதில் இதுதான்: லயத்தில் நாய் கடிப்பது துரையை அல்ல. இஸ்தோப்பில் விளையாடும் பிள்ளையைக் கடிக்கிறது. அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பதுளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நாலு முறை போய்வர, தாய் நாலு நாள் பேரை இழக்கிறாள். பஸ் கூலிக்குக் கடன் வாங்குகிறாள். மூன்றாம் முறை போகாமலும் விட்டுவிடுகிறாள். காணியையும் சம்பளத்தையும் கேட்போம். அவை வரும்வரை நாயின் பல்லில் விஷம் இருக்கட்டும் என்று யார் சொன்னது?

வெளிநாட்டுப் பிரயாணி வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. இப்போது தோட்டத்தில் மோட்டார் சைக்கிள் துரையின் சொத்தல்ல. கொழும்பில் கடைச் சிப்பந்தியாகவும் கட்டிட வேலையாளாகவும் உழைக்கும் நம் இளைஞர்கள் தீபாவளிக்குத் தவணைப் பணத்தில் வாங்கிய வண்டியில்தான் ஊருக்கு வருகிறார்கள். ஏறத்தாழ 290 கிலோமீற்றர் ரயில் பாதைக்கு ஈடான தூரத்தை ஒரே இரவில் ஓடி வந்துவிடுகிறார்கள். இரண்டு ஞாயிறு மாலைகளை அவர்கள் கொடுத்தால், ஊசி போடுகிறவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஒரு தோட்டத்தின் எல்லா டிவிசனையும் முடித்துவிடலாம். சென்ற ஆடி மாதம் என் பழைய மாணவனும் அவன் தோழர் மூவரும் அப்படித்தான் செய்தார்கள். சுகாதாரப் பகுதி அலுவலர் ஒருவர் தம் ஓய்வு நாளை விட்டுக்கொடுத்தார். பெயரைப் போட வேண்டாமென்று கேட்டுக்கொண்டார்.

நானும் போயிருந்தேன். வண்டிச் சத்தம் கேட்டதும் நாய்கள் வழக்கம்போலக் குரைத்துக்கொண்டு ஓடி வந்தன. பின்னாலேயே சொந்தக்காரர்களும் வந்தார்கள். கொழுந்துக் கூடையின் கயிற்றை அவிழ்த்து நாயின் கழுத்தில் போட்டுப் பிடித்தாள் ஒரு பெண். ஒரு சிறுவன் தன் நாயின் கண்ணைப் பொத்திக்கொண்டு, தானும் கண்ணை மூடிக்கொண்டான். அலுவலர் ஒவ்வோர் அட்டையிலும் நாயின் பெயரும் சொந்தக்காரர் பெயரும் கேட்டு எழுதினார். பெரியவரின் முறை வந்தது. “டைகர்” என்றார். சொந்தக்காரர் பெயர் கேட்டபோது, அடையாள அட்டையில் உள்ளபடி தம் முழுப்பெயரையும் தகப்பன் பெயரையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

அட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போனவர் பழைய தகரப் பெட்டியைத் திறந்தார். மேலே ஒரு பிளாஸ்டிக் பை. அதில் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களும், 2003-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு தமக்குக் கிடைத்த பிரஜாவுரிமைத் தாளும், தம் தகப்பனாரின் பழைய பாஸ்போட்டும் இருந்தன. நாயின் அட்டையை அவற்றோடு வைத்துக் கட்டி, பெட்டியைப் பூட்டினார்.